உங்க ரத்தத்துல ஒரு நொதியை அளக்கிறது எப்படி? எலைசா கிட் சொல்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

கடைசியா எடுத்த பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் உங்க போன்ல பிடிஎஃப்-ஆ எங்கேயோ கிடக்கும். முடிஞ்சா அதைத் திறந்து பாருங்க. தைராய்டு, வைட்டமின் டி மாதிரியான வரிகளுக்குப் பக்கத்துல இல்ல கீழே, சின்ன எழுத்துல 'மெத்தட்' என்று ஒரு வரி இருக்கும். அதுல 'சி.எல்.ஐ.ஏ.' என்றோ 'எலைசா' என்றோ போட்டிருப்பாங்க. நாம யாரும் அதைப் படிக்கிறதில்லை. நேரா நம்பருக்குப் போவோம். போல்டுல இருந்தா பயப்படுவோம், இல்லைன்னா மூடி வெச்சிடுவோம்.

இந்த எபிசோட் அந்தச் சின்ன வரியைப் பத்தித்தான். அந்த நம்பர் எப்படிப் பிறக்குது, எந்த இடத்துல அது பொய் சொல்லும், இதுதான் கேள்வி. நான் பயாலஜியைப் பத்தாவதோட விட்டுட்டு கம்ப்யூட்டர் பக்கம் வந்தவன். அதனால இதை ஒரு சிஸ்டமா, இன்புட், அவுட்புட், பிழை வர்ற இடங்கள்னு பிரிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுது. உங்களுக்கும் அப்படியே சொல்றேன்.

பேச ஒரு உதாரணம் வேணும். நம்ம நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கிற ஒரு நொதியை, அதாவது என்சைமை எடுத்துக்கலாம். பேரு மையலோபெராக்ஸிடேஸ். வாய்க்குள்ள நுழையல இல்லையா? எல்லாரும் சொல்ற மாதிரி எம்.பி.ஓ. என்றே சொல்லுவோம்.

செல்லுக்குள்ள ஒரு பிளீச்சிங் பவுடர்

ரத்தத்துல ஓடுற வெள்ளை அணுக்கள்ல பாதிக்கு மேல நியூட்ரோஃபில் வகை. கிருமி நுழைஞ்சா முதல்ல ஓடி வர்ற படை அதுதான். அதோட பைக்குள்ள நிறைய ஆயுதம் இருக்கு. அதுல முக்கியமானது இந்த எம்.பி.ஓ. தண்ணி நீக்கி எடை போட்டா ஒரு நியூட்ரோஃபிலோட எடையில கிட்டத்தட்ட 5 சதவீதம் இந்த ஒரே புரதம்தான்.

இது என்ன வேலை பண்ணுது? ஹைட்ரஜன் பெராக்ஸைடையும், நம்ம உடம்புல சும்மா கிடக்கிற உப்போட குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்குது. குடிதண்ணியில குளோரின் கலக்கும்போது உருவாகி கிருமியைக் கொல்ற அதே பொருள். உங்க செல்லுக்குள்ள ஒரு குட்டி பிளீச்சிங் பவுடர் ஃபேக்டரி ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. இந்த நொதியோட நிறம் பச்சை. சளி பிடிச்சு நாலு நாள் ஆனா மூக்கைச் சிந்தும்போது பச்சையா வருதே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கிருமியைக் கொல்ற ஆயுதம், தப்பான இடத்துல வெடிச்சா நம்ம ரத்தக் குழாயையும் சேதப்படுத்தும். அதனால இதயநோய் ஆராய்ச்சியாளர்களுக்கு இதுல ஆர்வம் வந்துச்சு. 2003-ல 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியாச்சு. நெஞ்சுவலின்னு எமர்ஜென்சிக்கு வந்த 604 பேரோட ரத்தத்துல எம்.பி.ஓ.வை அளந்தாங்க. அளவு அதிகமா இருந்தவங்களுக்கு அடுத்த ஆறு மாசத்துல இதயப் பிரச்சினை வர்ற ஆபத்தும் அதிகமா இருந்துச்சு. மாரடைப்புக்கு வழக்கமா பார்க்கிற ட்ரோபோனின் டெஸ்ட் நார்மல்னு சொன்னவங்களுக்கும் இது பொருந்துச்சு.

கேட்டா பிரமாதமா இருக்கு இல்லையா? ஆனா இருபது வருஷம் தாண்டியும், ட்ரோபோனின் மாதிரி இது ஆஸ்பத்திரியில வழக்கமான டெஸ்ட்டா மாறல. அதுக்குப் பல காரணம் இருக்கு. அதுல ஒண்ணு, இதை அளக்கிறதுல இருக்கிற சிக்கல். அந்தச் சிக்கல் புரிஞ்சா, உங்க ரிப்போர்ட்ல இருக்கிற மத்த நம்பர்களையும் வேற கண்ணால பார்ப்பீங்க.

நூறு டேங்கர் லாரியில ஒரு கிராம்

முதல்ல அளவு எவ்வளவு சின்னதுன்னு பார்ப்போம். இந்த மாதிரிப் புரதங்களை மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம்னு சொல்லுவாங்க. ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம்னா என்ன? கோடையில சென்னையில தெருவுக்குத் தெரு ஓடுற தண்ணி லாரியை நினைச்சுக்கோங்க. 10,000 லிட்டர் லாரி நூறு. அந்த நூறு லாரி தண்ணியிலயும் சேர்த்து மொத்தம் 1 கிராம் உப்பைக் கரைச்சா, அதுதான் அந்த அளவு.

அதோட, ரத்தம் சுத்தமான தண்ணி கிடையாது. ஆயிரக்கணக்கான வேற புரதங்கள் அதுல மிதக்குது. அந்தக் கூட்டத்துல ஒருத்தரை மட்டும் கண்டுபிடிச்சு எண்ணணும்.

இதுக்கு வழி நம்ம உடம்புகிட்டயே இருந்துச்சு. ஆன்டிபாடி! ஒரு குறிப்பிட்ட உருவத்தை மட்டும் தேடிப் போய்ப் பிடிச்சுக்கிற புரதம். அமெரிக்காவுல ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ரெண்டு பேரும் 1950-களோட கடைசியில இன்சுலினை அளக்க ஆன்டிபாடியைப் பயன்படுத்தினாங்க. எவ்வளவு ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சுக்க அவங்க கதிரியக்க அயோடினை அடையாளமா வெச்சாங்க. 1977-ல யாலோவுக்கு நோபல் பரிசு கிடைச்சுது. பெர்சன் அதுக்கு முன்னாடியே இறந்துட்டாரு.

ஆனா எல்லா லேப்லயும் கதிரியக்கப் பொருளை வெச்சுக்க முடியுமா? 1971-ல ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம்ல ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மான் ரெண்டு பேரும் அதை மாத்தினாங்க. கதிரியக்கத்துக்குப் பதிலா ஒரு நொதியை ஒட்டவெச்சாங்க. அது நிறத்தை உண்டாக்கும், அந்த நிறத்தை அளந்தா போதும். அதே சமயத்துல நெதர்லாந்துலயும் ஒரு குழு தனியா இதே யோசனைக்கு வந்துச்சு. இதுதான் எலைசா. உங்க ரிப்போர்ட்ல இருக்கிற சி.எல்.ஐ.ஏ.வும் இதோட சொந்தக்காரன்தான். அது நிறத்துக்குப் பதிலா ஒளியை அளக்குது. வீட்டுல பண்ற பிரெக்னன்சி கார்டு, கோவிட் காலத்துல ரெண்டு கோடு வருதான்னு பார்த்த ஆன்டிஜன் கார்டு, எல்லாமே இதே குடும்பம்.

பெட்டியைத் திறந்தா

ஒரு எம்.பி.ஓ. எலைசா கிட்டைத் திறந்தா உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். இட்லித் தட்டு மாதிரி குழிகள். 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 குழி. கூட சில சின்ன பாட்டில்கள்.

ஒவ்வொரு குழியோட அடியிலயும் எம்.பி.ஓ.வைப் பிடிக்கிற ஆன்டிபாடியை முன்னாடியே ஒட்டியிருப்பாங்க. நம்ம சாம்பிளை ஊத்தினா, அதுல இருக்கிற எம்.பி.ஓ. போய் மாட்டிக்கும். கொஞ்ச நேரம் விட்டுட்டு நல்லா கழுவணும். மாட்டாதது எல்லாம் போயிடும்.

அடுத்து இரண்டாவது ஆன்டிபாடி. இது அதே எம்.பி.ஓ.வோட வேற ஒரு பகுதியைப் பிடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல எம்.பி.ஓ. மாட்டிக்கிறதால இதுக்கு சாண்ட்விச் முறைன்னு பேரு. எனக்கு இது டூ ஃபேக்டர் ஆதென்டிகேஷன் மாதிரி தோணுது. பாஸ்வேர்டும் சரியா இருக்கணும், ஓடிபியும் சரியா இருக்கணும். ரெண்டும் பொருந்தினாதான் உள்ளே.

இரண்டாவது ஆன்டிபாடியில பயோட்டின்னு ஒரு சின்ன மூலக்கூறைக் கட்டியிருப்பாங்க. பயோட்டினை விடாப்பிடியா பிடிச்சுக்கிற ஸ்ட்ரெப்டாவிடின்னு ஒரு புரதம் இருக்கு. அதோட சேர்ந்து நிறம் உண்டாக்கிற நொதி வரும். பயோட்டின்ங்கிற பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

அந்த நிற நொதி ஹார்ஸ்ராடிஷ் என்ற, கடுகு, முள்ளங்கி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காரமான கிழங்குல இருந்து வருது. கடைசியா ஒரு திரவத்தை ஊத்தினா குழி நீலமா மாறும். அமிலம் விட்டா மஞ்சளாகி அப்படியே நின்னுடும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு எம்.பி.ஓ. ஒரு மெஷின் 450 நானோமீட்டர் ஒளியை அனுப்பி அந்த மஞ்சளை அளக்கும்.

மெஷினுக்கு நானோகிராம் தெரியாது

இங்கதான் எனக்கு முதல் ஆச்சரியம். மெஷின் பார்க்கிறது மஞ்சளை மட்டும். 1.2, 0.8 மாதிரி ஒரு எண்ணைத் தரும். அது நானோகிராம் கிடையாது. அப்போ நானோகிராம் எங்கிருந்து வருது?

கிட்ல அளவு தெரிஞ்ச எம்.பி.ஓ. ஒரு பாட்டில்ல இருக்கும். அதைப் பாதி, பாதியில பாதின்னு நீர்க்க வெச்சு ஏழு படி தயார் பண்ணுவாங்க. எட்டாவது வெறும் திரவம். ஒவ்வொண்ணையும் ரெண்டு குழியில வெச்சா 16 குழி போச்சு. அந்தப் புள்ளிகளை வெச்சு ஒரு வளைகோடு வரைவாங்க. உங்க சாம்பிளோட மஞ்சள் அந்தக் கோட்டுல எங்க விழுதோ, அதுதான் உங்க ரிசல்ட்.

அதாவது அந்த நம்பர் ஒரு ஒப்பீடு. "இந்தப் பெட்டியில இருந்த பாட்டிலோட ஒப்பிட்டா இவ்வளவு" என்பதுதான் அதோட முழு அர்த்தம். அதனாலதான் வேற கம்பெனி கிட்ல அதே ரத்தத்தைப் போட்டா வேற நம்பர் வரலாம். ஆன்டிபாடி வேற, ஒப்பிடுற பாட்டில் வேற. ஒரு லேப்ல எடுத்ததையும் இன்னொரு லேப்ல எடுத்ததையும் பக்கத்துல வெச்சு "ஏறிடுச்சே" என்று பதறுறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க.

சரி, இப்போ பிழை வர்ற இடங்களுக்கு வருவோம்.

முதல் இடம்: ஊசி குத்தின அஞ்சாவது நிமிஷம்

ரத்தம் எடுக்கும்போது கவனிச்சிருப்பீங்க, டியூபோட மூடி பல கலர்ல இருக்கும். ஊதா மூடியில ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் இருக்கு, ரத்தம் உறையாது. சிவப்பு மூடியில ரத்தத்தை உறைய விட்டுட்டு மேல நிற்கிற சீரத்தை எடுப்பாங்க. பச்சை மூடியில ஹெபாரின் இருக்கும்.

எம்.பி.ஓ. எங்க இருக்குன்னு சொன்னேன்? வெள்ளை அணுவோட பைக்குள்ள. ரத்தம் டியூபுக்குள்ள உறையும்போது நியூட்ரோஃபில்கள் கிளர்ந்து அந்தப் பையைத் திறந்துவிடும். அப்போ நீங்க அளக்கிறது நோயாளியோட உடம்புல இருந்த எம்.பி.ஓ.வை மட்டும் இல்லை, டியூபுக்குள்ள புதுசா வெளியே வந்ததையும் சேர்த்துத்தான். அதனாலதான் ஒரே ஆளோட சீரத்துல பிளாஸ்மாவை விட எம்.பி.ஓ. கூடுதலா வரும்.

ஹெபாரின் இன்னும் குழப்பம். எம்.பி.ஓ. ரத்தக் குழாயோட சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஹெபாரின் மருந்தா உடம்புக்குள்ள போனா, அதை அங்கிருந்து கழட்டி ரத்தத்துல விடும். நெஞ்சுவலின்னு எமர்ஜென்சிக்கு வர்றவங்களுக்குப் பல சமயம் முதல்ல கொடுக்கிற மருந்துகள்ல ஒண்ணே ஹெபாரின்தான்! மருந்துக்கு முன்னாடி எடுத்த ரத்தமா, பின்னாடி எடுத்ததா? அது தெரியாம அந்த நம்பரை வெச்சு என்ன முடிவுக்கு வர்றது?

கிட் இங்க எந்தத் தப்பும் பண்ணல. கொடுத்ததைச் சரியா அளந்துச்சு. நாங்க சொல்ற மாதிரி, குப்பையைப் போட்டா குப்பைதான் வரும்.

இரண்டாவது இடம்: ஆள் இருக்காரு, வேலை பார்க்கிறாரா?

ஆன்டிபாடி பார்க்கிறது உருவத்தை மட்டும். அந்த நொதி உயிர்ப்போட வேலை செய்யுதா, செத்துப் போய்ச் சும்மா கிடக்குதான்னு அதுக்குத் தெரியாது. ஆபீஸ்ல ஐடி கார்டு ஸ்வைப் பண்ணினது பதிவாகும், உள்ள போய் வேலை பார்த்தாரான்னு பதிவாகாது. அந்த மாதிரி.

எம்.பி.ஓ. விஷயத்துல இது நிஜமாவே முக்கியம். ரத்தத்துல செருலோபிளாஸ்மின்னு ஒரு புரதம் இருக்கு. அது எம்.பி.ஓ.வைப் பிடிச்சு அதோட வேலையை அடக்கும். அப்போ அளவு அதிகம், செயல் கம்மின்னு ஆகலாம். ரெண்டும் வேற வேற கேள்வி. பெல்ஜியத்துல லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குதிரைகளோட ரத்தத்துக்காக ஒரு முறையை உருவாக்கினாங்க. ஆன்டிபாடியால எம்.பி.ஓ.வைப் பிடிச்சு, மத்ததைக் கழுவிட்டு, பிடிபட்ட நொதியையே வேலை செய்ய வெச்சு அளப்பாங்க. தலையை எண்றது ஒரு டெஸ்ட், வேலை வாங்கிப் பார்க்கிறது இன்னொரு டெஸ்ட்.

மூன்றாவது இடம்: உங்க ரத்தத்துலயே ஒரு ஏமாற்று வேலை

இதுதான் மனசை உறுத்தின பகுதி. கிட்ல இருக்கிற ஆன்டிபாடிகள் பெரும்பாலும் எலி, ஆடு, முயல் மாதிரி விலங்குகள்ல இருந்து வர்றவை. சிலரோட ரத்தத்துல, அந்த விலங்கு ஆன்டிபாடிகளையே பிடிக்கிற ஆன்டிபாடி இருக்கும். அது என்ன பண்ணும்? தேடுற பொருள் இல்லாமலே, முதல் ஆன்டிபாடியையும் இரண்டாவதையும் ஒரு கையில ஒண்ணா பிடிச்சுப் பாலம் போட்டுடும். குழி மஞ்சளாகிடும். மெஷின் 'இருக்கு' என்று சொல்லும். டூ ஃபேக்டரும் பாஸ், ஆனா ஆளே இல்லை.

2000-ல 'லான்செட்' இதழ்ல 12 பெண்களைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. அவங்க ரத்தத்துல எச்.சி.ஜி. அதிகம்னு டெஸ்ட் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கர்ப்பத்துல ஏறுற ஹார்மோன் அது. கர்ப்பம் இல்லாம ஏறினா ஒரு வகைப் புற்றுநோயா இருக்கலாம். அந்தப் பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தேவையே இல்லாம அறுவை சிகிச்சையோ கீமோதெரபியோ நடந்துடுச்சு. அவங்களுக்குப் புற்றுநோயே இல்லை. ரத்தத்துல இருந்த பாலம் போடுற ஆன்டிபாடிதான் காரணம்.

அதைக் கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமை. ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, சிறுநீர்ல இறங்காது. எச்.சி.ஜி. இறங்கும். நிஜமாவே எச்.சி.ஜி. இருந்தா சிறுநீர்லயும் தெரியணும். அவங்க சிறுநீர்ல அது இல்லை. அந்தச் சின்ன குறுக்குச் சோதனையை முன்னாடியே பண்ணியிருந்தா எத்தனை பேரோட வாழ்க்கை மாறியிருக்கும்!

அடுத்தது பயோட்டின். முடி கொட்டுதுன்னு இன்ஸ்டாகிராம்ல பார்த்து பயோட்டின் கம்மி, மாத்திரை வாங்கிச் சாப்பிடுறவங்க இங்க கை தூக்குங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 30 மைக்ரோகிராம். கடையில கிடைக்கிற மாத்திரைகள்ல 10,000 மைக்ரோகிராம் வரைக்கும் சாதாரணமா இருக்கு. ரத்தத்துல பயோட்டின் நிறைஞ்சு கிடந்தா, கிட்ல இருக்கிற ஸ்ட்ரெப்டாவிடின் அதைப் போய்ப் பிடிச்சுக்கும். நம்ம ஆன்டிபாடிக்கு இடம் இல்லை. சாண்ட்விச் முறையில அளவு பொய்யா இறங்கிடும். இன்னொரு வகை முறையில பொய்யா ஏறும். எல்லா கிட்டும் இந்த ஜோடியைப் பயன்படுத்துறதில்லை. ஆனா பயன்படுத்துற தைராய்டு டெஸ்ட்ல, நல்லா இருக்கிறவருக்குத் தைராய்டு ஓவரா சுரக்குதுன்னு தெரியலாம்.

2017 நவம்பர்ல அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதைப் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. அதிக அளவு பயோட்டின் எடுத்துக்கிட்ட ஒருத்தருக்கு ட்ரோபோனின் பொய்யா குறைவா காட்டின பிறகு அவர் இறந்துபோனதா வந்த தகவலும் அதுல இருந்துச்சு. முடிக்காகச் சாப்பிட்ட மாத்திரை மாரடைப்பை மறைக்கலாம். அதனால டெஸ்ட்டுக்குப் போகும்போது, மாத்திரை மட்டும் இல்லை, கம்மி சாப்பிட்டாலும் டாக்டர்கிட்டயும் லேப்லயும் சொல்லிடுங்க. எத்தனை நாள் நிறுத்தணும்னு அவங்க சொல்லுவாங்க.

ஒரே பேரு, ரெண்டு டெஸ்ட்

இதையும் சொல்லிடறேன். லேப் லிஸ்ட்ல 'எம்.பி.ஓ.' என்று தேடினா, பல இடத்துல வர்றது நான் இதுவரைக்கும் பேசினது கிடையாது. அது 'ஆன்டி எம்.பி.ஓ.', 'ஆன்கா' என்றும் எழுதுவாங்க. சிலருக்கு உடம்பே தன்னோட எம்.பி.ஓ.வுக்கு எதிரா ஆன்டிபாடி தயாரிக்கும். சின்ன ரத்தக் குழாய்கள்ல அழற்சி வந்து கிட்னி, நுரையீரல் பாதிக்கப்படும். அதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இது. தட்டு அதேதான், ஏற்பாடு தலைகீழ். குழியில நொதியை ஒட்டி, ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடியைப் பிடிப்பாங்க. நொதியை அளக்கிறதும், நொதிக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கிறதும் வேற வேற. ரிப்போர்ட்டை கூகுள்ல போட்டுப் பார்க்கிறவங்க இதுல நல்லா குழம்புவாங்க.

அப்போ எதை நம்புறது?

நல்ல லேப் இந்தப் பிழைகளைப் பிடிக்க வழி வெச்சிருக்கு. நம்ம ஊர் கோட்ல யூனிட் டெஸ்ட் எழுதுற மாதிரிதான். சாம்பிளைப் பாதியா நீர்க்க வெச்சா ரிசல்ட்டும் பாதியாகணும். ஆகலைன்னா ஏதோ குறுக்கே நிற்குது. தெரிஞ்ச அளவு எம்.பி.ஓ.வைச் சேர்த்தா அந்த அளவு திரும்பக் கிடைக்கணும். ஒரே சாம்பிளை ரெண்டு குழியில வெச்சா ரெண்டும் ஒத்துப்போகணும். அளவு தெரிஞ்ச கன்ட்ரோல் சாம்பிள் தினமும் அதே எண்ணைத் தரணும்.

பெட்டி மேல என்ன எழுதியிருக்குங்கிறதும் முக்கியம். நிறைய எம்.பி.ஓ. கிட்கள்ல 'ரிசர்ச் யூஸ் ஒன்லி' என்று இருக்கும். ஆராய்ச்சிக்கு ஓகே, நோயாளிக்கு முடிவு சொல்ல அது அனுமதிக்கப்படல என்று அர்த்தம். நூறு பேர், இருநூறு பேரோட சராசரியைப் பார்க்கிற ஆய்வுக்கு ஒரு சாம்பிள் அப்படி இப்படி இருந்தா சமாளிச்சிடலாம். ஒரு தனி ஆளுக்கு அந்த ஒரு சாம்பிள்தான் எல்லாமே.

இதெல்லாம் கேட்டு "அப்போ டெஸ்ட்டே வேஸ்ட்டா?" என்று கேட்காதீங்க. நூறு லாரி தண்ணியில ஒரு கிராமைத் தேடி எடுக்கிற வித்தை இது. அரை நூற்றாண்டா கோடிக்கணக்கான பேருக்கு உதவியிருக்கு. நான் சொல்றது ஒண்ணுதான். அந்த எண், "இந்த ரெண்டு ஆன்டிபாடியும் சேர்ந்து பிடிச்சது எவ்வளவு?" என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். "எனக்கு என்ன நோய்?" என்ற கேள்விக்கு அது ஒரு சாட்சி மட்டுமே. உங்க உடம்புல இருக்கிற அறிகுறியும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகலைன்னா, "வேற முறையில ஒரு தடவை பார்த்துடலாமா டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. அந்த 12 பெண்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு கேள்விதான்.

பயோட்டின் சாப்பிடுற ஃபிரெண்டு யாராவது இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.